ஒன்றரை மணிப் படத்துக்கு ஒரு ஆள்

முதன்முதலில் எங்களைப் பார்த்தபோது அவர் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. கல்யாணமாகி நாற்பது நாள். நானும் என் கணவரும் ஆவடியில் அவர் வீட்டுப் பின்கட்டை வாடகைக்குக் கேட்டுப் போய் நின்றோம். சாவிக் கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ஊட்ல இன்னா பாஷ பேசிக்குவீங்க?"

"தமிழ்தாங்க" என்றார் என் கணவர். வீடு தேடி அலைகிறவர் எதையும் சிக்கலாக்கிக்கொள்ள மாட்டார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

எனக்குச் சட்டென்று பொய் வராது. நாங்கள் திருத்தணிப் பக்கம். வெளியே தமிழ், அடுப்படியில் தெலுங்கு. அதைச் சொன்னேன். வீடு போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் முகம் அப்படியே விரிந்தது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், தெலுங்கு வந்துவிட்டது, இனிமேல் தெலுங்குக்கு ஆள் தேட வேண்டாம் என்று.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் மட்டும் வந்தது. "வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தியா, இல்ல பாஷ ஒண்டிதான் கேட்டியா?"

தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே. அவர் மனைவி எனக்கு அண்ணி. அண்ணாத்தே ஏன் முதலில் பாஷையைக் கேட்டார் என்பது விளங்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. உங்களுக்கு விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்து டிவியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அப்போது சேனல் என்று ஒன்றுதான். சாயங்காலமானால் மெட்ராஸ் நிகழ்ச்சிகள். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம். தெருவில் மூன்று வீட்டில் டிவி இருந்தது, மூன்று வீட்டிலும் நிலைப்படி வரைக்கும் தலைகள். எட்டரை எட்டே முக்காலுக்கு டெல்லி வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தியில் செய்தி தொடங்கியதும் மூன்று டிவியும் ஒரே நேரத்தில் அணையும். பிறகு தெரு முழுக்கத் தட்டு கழுவுகிற சத்தம்தான்.

அந்த டெல்லியே வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு, ஏதாவது ஒரு மாநிலத்துப் படத்தைப் போடும். இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி முறை. அசாமி, வங்காளி, குஜராத்தி, கன்னடம் என்று போய்த் தமிழ், தெலுங்கில் வந்து முடியும். ஒரு சுற்று முடிய மூன்று மாதம், சில சமயம் நாலு மாதம். எல்லாம் விருது வாங்கிய படங்கள். ஒரு ஆள் ஆற்றங்கரையில் நடப்பான். நாம் போய்க் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தாலும் நடந்துகொண்டே இருப்பான். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு ஊரே தூங்குகிற நேரம் அது. அந்த நேரத்துக்காகத்தான் அண்ணாத்தே வாரம் முழுக்க உழைத்தார்.

என்ன உழைப்பு என்றால், அந்த வாரத்துப் படம் எந்த மொழியோ அந்த மொழிக்காரர் ஒருவரை ஆவடியில் தேடிக் கண்டுபிடித்து, ஞாயிறு மதியம் தன் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார வைப்பது. வேறு ஊரில் இது நடக்காது. ஆவடியில் நடக்கும். டாங்க் பாக்டரி இருந்தது, ஏர்போர்ஸ் இருந்தது, ரிசர்வ் போலீஸ் கேம்ப் இருந்தது. எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். அண்ணாத்தே மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. அவர் அப்பா உழுத நிலம் பாக்டரி மதிலுக்கு உள்ளே போய், அதற்குப் பதிலாக அவருக்கு அங்கே ஸ்டோரில் வேலை கிடைத்தது. மதிலுக்கு மேலே தெரியும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, அதுதான் எங்கள் களம் என்பார். வருத்தமாகச் சொல்ல மாட்டார்.

"முன்ன நெல்லு ஒண்டிதான் வெளைஞ்சிது. இப்ப எங்க நெலத்துல எத்தினி பாஷ வெளையுது பாத்தியா?"

சனிக்கிழமை சலூனில் போய்ப் பேப்பரைப் பார்த்துவிடுவார். வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து நாட்காட்டி ஆணியில் குத்துவார். அடுத்த நாலு வாரத்துக்கும் ஆள் இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணுவார். இல்லாத மொழிக்கு அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துவிடுவார். மார்க்கெட், ரயில்வே கேட், கேன்டீன் வாசல், கோதுமை மாவு அரைக்கிற மிஷின். மாவு மிஷினில் நின்றால் பாதி இந்தியாவைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

அப்படி என்ன கட்டாயம் என்று என் கணவர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"நாலு மாசத்துக்கு ஒரு தபா அவுங்க பாஷ வருது. இங்க ஆள் கீது, அங்க படம் ஓடுது, ஒண்ணுக்கொண்ணு தெரியாம பூடுது. மனசு கேக்குமா நைனா?"

அவர் வீட்டில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. இரும்பு நாற்காலி, பச்சைப் பெயின்ட். ஞாயிறு மதியம் அது டிவிக்கு நேரே விரியும். முறைக்காரர் அதில் உட்கார வேண்டும். மற்றவர்கள் எல்லாம் தரையில், அண்ணாத்தே உட்பட. குளித்து, சலவைச் சட்டை போட்டு, வாசலில் நின்று வரவேற்பார். "பைட்டியே ஜி" என்பார், உட்காருங்கள் என்று. பாக்டரியில் கற்ற இந்தி. அதைக் கேட்டு இந்திக்காரர்களே சிரிப்பார்கள்.

மகாராஷ்டிரத்துப் பெண் ஒருத்தி, ஏர்போர்ஸ்காரர் மனைவி, படம் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டே பார்த்தாள். எங்கள் ஊரில் சேலை இப்படியா கட்டுவோம், அந்தக் கிழவி பேசுவது டவுன் பேச்சு, எருமையைக் கூடத் தப்பாகக் கூப்பிடுகிறார்கள் என்று. போகும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மலையாளத்துக்கு என்றைக்கும் கூட்டம் அதிகம். நாற்காலி யாருக்கு என்று இரண்டு நர்ஸுகளுக்கும் ஒரு டீக்கடைக்காரருக்கும் மனஸ்தாபம் வந்து, அண்ணாத்தே சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஒரியாப் படத்துக்குக் கேம்ப் மெஸ்ஸிலிருந்து சமையல்கார இளைஞன் ஒருவன் வந்தான். படத்தில் படகு போனபோது எழுந்து டிவியின் கிட்டே போய்க் கையை வைத்தான். திரும்ப வந்து உட்காரவில்லை, படம் முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றான். யாரும் மறைக்குது என்று சொல்லவில்லை.

எனக்கும் முறை வந்தது. தெலுங்கு கடைசி என்பதால் வந்து மூன்றாம் மாதம். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கணவர் கீழே, என் காலடியில். படம் என்னவோ சுமார். ஆனால் அதில் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டே எங்கள் அம்மா பேசுகிற மாதிரி யாரையோ திட்டினாள். நான் சிரித்துவிட்டேன். எல்லோரும் படத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாத்தேயும் பார்த்தார். அந்த நேரத்து முகம்தான் எனக்கு அவர் முகம் என்று நினைவிருக்கிறது. என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவே இல்லை.

தமிழ்ப் படம் வருகிற ஞாயிறு மட்டும் அவர் உள்ளே இருக்க மாட்டார். மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்றுக்குத் திரும்பிக்கொள்ளும் என்று சாக்கு. கீழே வந்து பாருங்களேன் என்றால், நமக்குத்தான் மெட்ராஸ் இருக்கிறதே, ஊர் முழுக்க ஆள் இருக்கிறதே, நான் ஒருவன் பார்க்காவிட்டால் தமிழ் கோபித்துக்கொள்ளாது என்பார். அன்றைக்கு நாற்காலியில் யாராவது பஞ்சாபியோ வங்காளியோ உட்கார்ந்திருப்பார், தமிழ்ப் படம் பார்க்க.

அண்ணிக்கு இதெல்லாம் பெரும்பாடு. வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். இவர்கள் உப்புமாவைத் தொடுவார்களா, அவர்கள் எண்ணெய் வாசனைக்கு ஒத்துக்கொள்வார்களா என்று சனிக்கிழமையே என்னிடம் யோசனை கேட்பார். புலம்பலும் உண்டு. "ஆவடில கீற எல்லாத்தியும் இஸ்துகினு வந்து குந்த வெச்சிட்டா, நான் எங்க போய்க் குந்தறது?" ஆனால் அண்ணாத்தே வாங்கிவர மறந்த அப்பளத்தை அண்ணியே போய் வாங்கி வருவார்.

அண்ணாத்தே ஒரு பெரிய தப்புச் செய்திருந்தார். நாங்கள் குடிவருவதற்கு முன்னால் நடந்தது. அண்ணி சொல்லித்தான் தெரியும். முதல் சுற்றில் மணிப்பூர்ப் படம் வந்தபோது அவர் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு கூர்க்காவை அழைத்து வந்துவிட்டார். முகத்தைப் பார்த்துச் செய்த முடிவு. அந்த மனிதர் குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் பார்த்தார். போட்டதைச் சாப்பிட்டார். எழுந்து கும்பிட்டுவிட்டு, படம் ரொம்ப நன்றாக இருந்தது, என்ன பாஷை என்றார். அவர் நேபாளி.

அண்ணாத்தே அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லையாம். "மொகத்த பாத்து இட்டாந்தேன் பாரு. மாட்டுச் சந்தையில பல்ல பாக்கற மாரி." அந்த நேபாளக்காரரிடம் இரண்டு முறை போய் மன்னிப்புக் கேட்டார். உன் பாஷை டெல்லி வரிசையில் இல்லையேப்பா என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டார். அதிலிருந்துதான் யாரைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கேள்வி.

அடுத்த சுற்று மணிப்பூரை நானே பார்த்தேன். ஆள் கிடைக்கவில்லை. மூன்று வாரம் அலைந்தும் இல்லை. ஞாயிறு ஒன்றரைக்கு நான் ஊறுகாய் வாங்க முன்கட்டுக்குப் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை நாற்காலி விரித்துக் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் தரையில் அவர், சலவைச் சட்டையோடு. தூங்கவில்லை. முடிகிற வரைக்கும் பார்த்தார் என்று அண்ணி சொன்னார். யாருமில்லாத துக்க வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிற மாதிரி ஒரு முகம்.

நான் அப்போது வாசலில் தையல் மிஷின் போட்டிருந்தேன். ஜாக்கெட், பாவாடை, திரைச்சீலை. ஒருநாள் காலை ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் கைலி மாதிரி ஒன்று, ஆனால் கைலி இல்லை, அடியில் பட்டையாகக் கரை போட்டது. அதே போல ஒரு துணியில் நடுத்தையல் பிரிந்திருந்தது. தைத்துத் தர வேண்டும் என்று சைகையில் காட்டினாள். ரிசர்வ் போலீஸ் கேம்ப் குவார்ட்டர்ஸ். எனக்குத் தெரிந்த இந்தி பத்து வார்த்தை, அவளுக்கு இந்தி கொஞ்சம் கூடுதல். நான் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, உங்கள் வீட்டில் என்ன பாஷை என்று கேட்டேன்.

"மணிப்பூரி" என்றாள்.

ஞாயிறு, டிவி, மணிப்பூரி என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. விரலை நீட்டி மடக்கி எனக்குப் புரிய வைத்தாள். கணவனைப் பஞ்சாப் பக்கம் அனுப்பி எட்டு மாதம். குழந்தை இங்கேதான் பிறந்தது, ஐந்து மாதம். குவார்ட்டர்ஸில் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் இந்தியில் பேசுகிறார்கள். தன் பாஷையில் இவனோடு மட்டும்தான் பேசுகிறேன் என்று குழந்தையைக் காட்டினாள். பிறகு சிரித்துக்கொண்டே, இவன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறான் என்றாள்.

சாயங்காலம் பாக்டரியிலிருந்து வந்த அண்ணாத்தேயிடம் சொன்னேன். சைக்கிளை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை.

"சரியா கேட்டியா? மொகத்த பாத்து நீயா சொல்லலியே?"

"அவங்க வாயால சொன்னாங்க அண்ணே."

"இன்னொரு தபா கேட்டியா?"

"கேட்டேன் அண்ணே."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நாட்காட்டிப் பக்கம் போனார். மணிப்பூருக்கு இன்னும் மூன்று ஞாயிறு இருந்தது.

அண்ணியும் நானும் ஒரு விசேஷத்துக்கு அழைப்பது போலக் குங்குமச் சிமிழோடு குவார்ட்டர்ஸுக்குப் போனோம். கதவில் கணவன் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். அவள் எங்களை உட்கார வைத்துவிட்டு ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். கணவனுக்கு எழுதி முடித்து ஒட்டாமல் வைத்திருந்தாள். இது டெல்லி ஒளிபரப்பு, நாடு முழுக்க ஒரே நேரத்தில் வரும், அந்த ஞாயிறு ஒன்றரை மணிக்கு நீயும் எங்கேயாவது ஒரு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொள், நான் இங்கே உட்கார்ந்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாளாம். நாங்கள் இதுவரைக்கும் இத்தனை பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறோம், இப்படி ஒன்று யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி நடந்தோம். வீட்டுக்குக் கிட்டே வந்ததும், மீன் வாங்கச் சொல்லணும், நல்ல மீனா என்றார் அண்ணி.

அந்த ஞாயிறு அவள் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டாள். நான் தைத்துக் கொடுத்த துணியைக் கட்டியிருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள், குழந்தைக்குப் புதுச் சட்டை. மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டாள். தெருவில் விஷயம் பரவி, வழக்கமாகத் தூங்குகிறவர்கள்கூட எட்டுப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். அண்ணாத்தே டிவியின் மரக்கதவை இரண்டு பக்கமும் தள்ளி, ஒன்று இருபத்தைந்துக்குப் போட்டார்.

கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்துவிடும் என்றார் அவர். ஒன்றரை ஆனது. ஒன்றே முக்கால் ஆனது. நடுவில் டிவியில் ஒரு பெண் வந்து இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள், மறுபடியும் மேட்ச். அவள் சொன்னது எங்களுக்குப் பிடிபடவில்லை. இடைவேளையில் படம் போடுவான் என்று ஒருவர் சொன்னார், மேட்ச் முடிந்ததும் போடுவான் என்று இன்னொருவர். நாற்காலியில் அவள் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள். குழந்தையைத் தட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு. எனக்கு மெல்லத்தான் உறைத்தது. எங்கள் எல்லோரையும் விட அவளுக்கு இந்தி தெரியும். அந்தப் பெண் சொன்னது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. நாங்கள் மீன் குழம்பு வைத்துக் காத்திருக்கிறோம் என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

எதிர்வீட்டு சைக்கிள் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் வீட்டு டிவி ரிப்பேர். பின்னால் நாலு பேர். "அண்ணாத்தே, மேட்ச்சா ஓடுது? கொஞ்சம் நவுந்து குந்து மாமே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. யாரோ நாலு அடித்தார், கைதட்டினார்கள்.

அண்ணாத்தே அவளிடம் குனிந்து அவருடைய இந்தியில் கேட்டார், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று. அவள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, இன்றைக்குப் படம் கிடையாது என்றாள். அடுத்த வாரமா என்றார் அவர். அடுத்த வாரம் மராத்தி என்று சொன்னார்களாம். பரவாயில்லை என்று சொல்லிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் ஒரு கணம் டிவியைப் பார்த்து, அவரும் இப்போது அங்கே மேட்ச்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை.

அண்ணாத்தே போய் டிவியை அணைத்தார்.

வீடே கத்தியது. சைக்கிள் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னா அண்ணாத்தே, வெளாட்றியா? கடைசி விக்கெட் கீது. அந்தப் படம்தான் இல்லன்னுட்டானே, சும்மா கீற டிவிய ஏன் அணைக்கிற?"

"சும்மா இல்ல. இது அவுங்க நேரம்."

"டெல்லிக்காரனே எடுத்துக்கினான். நீ இன்னா பெரிசா?"

"அவன் எடுக்கலாம்பா. அவன் தூரத்துல கீறான், இவுங்க மொகம் அவனுக்குத் தெரியாது. நான் பக்கத்துல கீறேன். என்னால எடுக்க முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டோரில் யாரோ தப்பான சாமானைக் கேட்டால், இது இல்லை என்று எடுத்து வைக்கிற மாதிரி சொன்னார். சைக்கிள் கடைக்காரரும் அவர் ஆட்களும் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த தெரு டிவிக்குப் போனார்கள். அவர் அவளைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். உட்காரச் சொன்னார். படம் வேண்டாம், நீ பேசு என்றார். உன் பாஷையில் பேசு, நாலரை மணி வரைக்கும் உன்னுடையது.

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நானும் இந்தியில் திக்கித் திணறிச் சொன்னேன். என்ன பேசுவது என்றாள். என்ன வேண்டுமானாலும், உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சமைப்பீர்கள் என்று அடுக்கினார். நான் பேசினால் உங்கள் யாருக்கும் ஒன்றும் புரியாதே என்றாள் அவள்.

அவர் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு, "படம் ஓடியிருந்தா மட்டும் நமக்குப் புரிஞ்சிருக்குமா?" என்றார்.

அண்ணிதான் முதலில் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, குழந்தையை மடியில் சரித்துப் போட்டு, மேல்துணி நுனியால் அதன் வாயைத் துடைத்தாள். மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னாள். நிறுத்தி எங்களைப் பார்த்தாள். அண்ணாத்தே கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு வாக்கியம் சொன்னாள்.

பிறகு வந்தது. எங்கே இருந்ததோ அவ்வளவு பேச்சு. கையை அகட்டிக் காட்டினாள், குரலை மாற்றி யாரையோ போலப் பேசினாள், எதற்கோ தலையில் அடித்துக்கொண்டாள். குழந்தை கண்ணைக் கொட்டாமல் அம்மாவின் வாயையே பார்த்தது. இவ்வளவு பெரிய பேச்சை அது கேட்டிருக்காது. "இமா, இமா" என்று அடிக்கடி வந்தது. அது அம்மா என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்னொரு பெயரும் திரும்பத் திரும்ப வந்தது. குவார்ட்டர்ஸ் கதவில் வெள்ளைப் பெயின்டில் பார்த்த பெயர்.

அவள் இப்போது எங்களைப் பார்த்துப் பேசவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். டிவியைப் பார்த்துப் பேசினாள். அணைத்த டிவிக் கண்ணாடியில் அந்த அறை முழுக்கத் தெரிந்தது. வளைந்து, சின்னதாக, கறுப்பு வெள்ளையில். நாற்காலியில் ஒரு பெண், மடியில் குழந்தை, சுற்றிலும் தரையில் நாங்கள் எல்லோரும். அடுத்த தெருவிலிருந்து ஓ என்று ஒரு கூச்சல் வந்தது. மேட்ச் முடிந்திருக்க வேண்டும். யாரும் திரும்பவில்லை.

மூன்றரைக்கு மேல் இருக்கும். காபி போடலாம் என்று அண்ணி சேலையைச் சரிசெய்துகொண்டு மெல்ல எழுந்தார். அண்ணாத்தே டிவிக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே, கையை மட்டும் பின்னால் நீட்டி அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"குந்து" என்றார், குரலே எழும்பாமல். "இன்னும் முடியல."